அப்டேட் போட்ட பிறகும் சிவப்பு ஏன்? பாதுகாப்பு ஸ்கேன் அறிக்கை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினிகளையும் சர்வர்களையும் பராமரிப்பது என் வேலை. அவற்றில் தாக்குபவர் நுழைய இடம் தரும் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடி, குறை கண்டால் சிவப்பில் காட்டும் ஸ்கேன் அறிக்கை மாதந்தோறும் வரும். அதன் பின்னாலேயே சந்தேகங்களும் வரும், பெரும்பாலும் போன மாதம் கேட்ட அதே சந்தேகங்கள். தனித்தனியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஸ்கேனர் என் கணினிக்குள் உண்மையில் எதைப் பார்க்கிறது?

தடயங்களைப் பார்க்கிறது. எந்த மென்பொருள் இருக்கிறது, அதன் பதிப்பு எண் என்ன, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் எந்தப் பதிவு இருக்கிறது, குறிப்பிட்ட கோப்பின் தேதியும் பதிப்பும் என்ன என்று சேகரித்து, தன்னிடம் உள்ள பட்டியலோடு ஒப்பிடுகிறது. சில சோதனைகள் ஓட்டையைத் தொட்டும் பார்க்கும். ஆனால் பெரும்பாலானவை வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்பவைதான். பலகை பழையதாக இருந்தால் பதிலும் பழையதாகத்தான் இருக்கும்.

ஆகவே அறிக்கையில் ஒரு வரியைக் கண்டதும் நான் கேட்கும் முதல் கேள்வி, "இது எதைப் பார்த்து இப்படிச் சொல்கிறது?" என்பதே. நல்ல ஸ்கேனர் எதுவானாலும் அதற்கான ஆதாரத்தைத் தரும்: எந்தக் கோப்பு, அதில் கண்ட பதிப்பு எது, எதிர்பார்த்த பதிப்பு எது. பலர் சிவப்பு நிறத்தையும் தலைப்பையும் மட்டும் பார்த்துவிட்டு அந்தப் பகுதியைத் திறப்பதே இல்லை. கீழே வரும் பாதிப் பதில்கள் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன.

நேற்றுதான் எல்லா அப்டேட்டும் போட்டேன். இன்று காலை ஸ்கேனில் பாதி இன்னும் சிவப்பாகவே இருக்கிறதே?

முதலில் அறிக்கையின் தேதியைப் பாருங்கள். இன்று கைக்கு வந்த அறிக்கை முந்தாநாள் ஓடிய ஸ்கேனாக இருக்கலாம். தேதி சரியாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது ரீஸ்டார்ட். விண்டோஸ் இயங்கிக்கொண்டிருக்கும்போது பயன்பாட்டில் உள்ள கோப்பை மாற்ற முடியாது. புதிய கோப்பை ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த முறை தொடங்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று குறித்து வைக்கும். அதுவரை வட்டில் இருப்பதும் நினைவகத்தில் ஓடுவதும் பழைய கோப்புதான். இங்கே ஸ்கேனர் சொல்வது முழு உண்மை.

தினமும் மாலையில் ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். அதற்கு மேல் ரீஸ்டார்ட் எதற்கு?

விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால், உங்கள் நிரல்கள் மூடப்படும். ஆனால் விண்டோஸின் மையப் பகுதி அப்படியே வட்டில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அங்கிருந்தே எழும். புதிதாகத் தொடங்குவதே இல்லை. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

ஒரு நண்பர் இதை நம்பவே மறுத்தார். அவர் கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் சிபியு பகுதியின் கீழே 'அப் டைம்' என்று இருக்கும் எண்ணைக் காட்டினேன். 23:04:17:52. முதலில் இருப்பது நாள் கணக்கு. தினமும் மாலையில் அணைக்கப்பட்ட கணினி, தன் கணக்கில் 23 நாட்களாகத் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. ரீஸ்டார்ட் செய்து மறுபடியும் ஸ்கேன் ஓட்டியதும் அவருடைய 11 வரிகளில் 9 மறைந்துவிட்டன.

அறிக்கை ஒரு கேபி எண்ணைச் சொல்லி 'இல்லை' என்கிறது. அந்த எண்ணைத் தனியாக இறக்கிப் போட்டால் 'உங்கள் கணினிக்குப் பொருந்தாது' என்று வருகிறது. என்ன செய்வது?

கேபி எண் என்பது மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் தரும் அடையாள எண். எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பதே பெரும்பாலும் பதில். விண்டோஸ் 10 வந்ததிலிருந்து மாதாந்திர அப்டேட்கள் திரட்டாக வருகின்றன. இந்த மாத அப்டேட்டுக்குள் முந்தைய மாதங்களின் திருத்தங்களும் அடங்கியிருக்கும். புதியதைப் போட்டுவிட்ட கணினியில் பழைய எண்ணைத் தேடினால் கிடைக்காது. எண்ணை மட்டும் தேடும் ஸ்கேனர் அதை 'இல்லை' என்று எழுதிவிடுகிறது.

கேபி எண்ணை விட்டுவிட்டு, விண்டோஸின் விரிவான பதிப்பு எண்ணான பில்டைப் பாருங்கள். 'வின்வர்' கட்டளை கொடுத்தால் சிறு பெட்டியில் பில்ட் எண் வரும். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் பகுதிதான் மாதந்தோறும் ஏறுவது. அது மைக்ரோசாஃப்டின் பக்கத்தில் அந்தத் திருத்தத்துக்கு எதிரே உள்ள எண்ணுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் திருத்தம் உங்களிடம் இருக்கிறது.

விண்டோஸ் அப்டேட் பக்கம் 'எல்லாம் சரி' என்று பச்சைக் குறி காட்டுகிறது. ஸ்கேனர் 'குறை' என்கிறது. யாரை நம்புவது?

இரண்டும் பொய் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. நிறுவனக் கணினிகள் பலவும் நேரடியாக மைக்ரோசாஃப்டைக் கேட்பதில்லை, நிறுவனத்துக்குள் அப்டேட்களைப் பகிர்ந்தளிக்கும் 'டபிள்யூசஸ்' போன்ற சர்வரைத்தான் கேட்கின்றன. அங்கே நிர்வாகி அனுமதிக்காத அப்டேட் கணினிக்குக் கொடுக்கப்படாது. அப்போது பச்சைக் குறிக்கு 'அனுமதித்ததையெல்லாம் போட்டாயிற்று' என்று மட்டுமே பொருள். தவிர, தனியாக நிறுவிய பிரௌசர், ஜாவா, பிடிஎஃப் மென்பொருள் போன்றவை விண்டோஸ் அப்டேட்டின் கணக்கில் வருவதே இல்லை.

இதைவிட ஆபத்தான பச்சை ஒன்று உண்டு. ஆதரவுக் காலம் முடிந்த இயங்குதளத்துக்குப் புதிய அப்டேட் தயாரிக்கப்படுவதே இல்லை; ஆகவே 'புதிதாக எதுவும் இல்லை' என்ற பதில் வரும். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14இலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14இலும் வழக்கமான ஆதரவு முடிந்தது. சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் வகைக்கு 2024 ஜூன் 30. நீட்டிப்புத் திட்டம் எதிலும் சேராத இத்தகைய கணினி பச்சையாக இருந்தால் எனக்குக் கவலை கூடவே செய்கிறது.

லினக்ஸ் சர்வரில் 'ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8க்கு மாறுங்கள், மிகத் தீவிரம்' என்று வருகிறது. டெபியன் 12இல் எவ்வளவு அப்டேட் செய்தாலும் 9.2தான் வருகிறது. டெபியன் எங்களைக் கைவிட்டுவிட்டதா?

இல்லை. இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டிய கேள்வியே இதுதான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். ஓப்பன்எஸ்எஸ்எச் என்பது தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் மென்பொருள். டெபியன், உபுண்டு, ரெட்ஹேட் போன்ற லினக்ஸ் வகைகள் ஒரு வெளியீட்டில் எந்தப் பதிப்போடு தொடங்கினவோ பெரும்பாலும் அதிலேயே கடைசிவரை நிற்கும். புதிய பதிப்புக்குத் தாவினால் புதிய அம்சங்களோடு புதிய தொல்லைகளும் வரும் என்பதால், பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் தைத்துவிடுவார்கள். இதைத்தான் 'பேக்போர்ட்' என்கிறோம். முன்னால் உள்ள எண் மாறாது, பின்னால் உள்ள வால் மட்டும் நீளும்.

2024 ஜூலை 1 அன்று வெளியான 'ரெக்ரெஷன்' என்ற ஓப்பன்எஸ்எஸ்எச் ஓட்டையை, அதாவது சிவிஇ-2024-6387ஐ எடுத்துக்கொள்ளுங்கள். (சிவிஇ என்பது ஒவ்வொரு ஓட்டைக்கும் தரப்படும் பொது அடையாள எண்.) ஓப்பன்எஸ்எஸ்எச்சை உருவாக்கும் மூலத் திட்டம் அதை 9.8இல் சரிசெய்தது. டெபியன் 12 அதே திருத்தத்தை 9.2பி1-2+டெப்12யு3 என்ற பேக்கேஜில், அதாவது நிறுவத் தயாரான மென்பொருள் பொதியில், தந்தது. உபுண்டு 22.04 அதை 8.9பி1-3உபுண்டு0.10 என்று தந்தது. டெபியன் சர்வர் தன்னை அறிமுகப்படுத்தும் வரி இப்படி இருக்கும்: எஸ்எஸ்எச்-2.0-ஓப்பன்எஸ்எஸ்எச்_9.2பி1 டெபியன்-2+டெப்12யு3. வெளியிலிருந்து பார்க்கும் ஸ்கேனர் 9.2 என்று படித்ததும் நிறுத்திவிடுகிறது. 'யு3' என்ற கடைசி எழுத்தில்தான் முழுப் பதிலும் இருக்கிறது. அங்கே 'யு2' என்று இருந்திருந்தால் ஸ்கேனர் சொன்னது சரி.

இதே ஓட்டையில் இன்னொரு பாடமும் உண்டு. இது 8.5இல்தான் மறுபடி நுழைந்தது. 8.4 வைத்திருந்த டெபியன் 11 பாதிக்கப்படவே இல்லை. பதிப்பு எண் சிறியது என்பதாலேயே ஆபத்து என்று எண்ணிவிடக் கூடாது.

அப்படியானால் மூல நிரலை இறக்கி நாமே தொகுத்து 9.8ஐப் போட்டுவிட்டால் தொல்லை விட்டதல்லவா?

தயவுசெய்து செய்யாதீர்கள். அன்றோடு அந்த மென்பொருள் டெபியனின் கையை விட்டுப் போய்விடும். அடுத்த ஓட்டை வரும்போது தானாக வரும் அப்டேட் உங்களுடைய தனிப் பிரதியைத் தொடாது, அதை யார் தொகுத்தார்கள் என்பதும் அதற்குள் மறந்து போயிருக்கும். ஒரு பொய்யான சிவப்பை அணைக்கப்போய், உண்மையான சிவப்பு ஒன்றுக்கு இடம் கொடுத்துவிடுகிறோம்.

விண்டோஸிலும் இது நடந்திருக்கிறது. விண்டோஸோடு சேர்ந்தே வரும், இணையம் வழியே தரவை அனுப்பவும் பெறவும் உதவும் 'கர்ல்' என்ற சிறு நிரலில் சிவிஇ-2022-43552 இருப்பதாக ஸ்கேனர்கள் கூவின. கர்ல் குழுவே அதற்குக் 'குறைந்த' தீவிரம்தான் கொடுத்திருந்தது. இருந்தும் பலர் சிஸ்டம்32 கோப்புறைக்குள் புகுந்து அந்த நிரலை அழித்தார்கள், அல்லது வேறு பிரதியை அங்கே வைத்தார்கள். பிறகு விண்டோஸ் அப்டேட்டே ஏறாமல் சிலர் திண்டாடினார்கள். கர்லை உருவாக்கிய டேனியல் ஸ்டென்பெர்க் 2023 ஏப்ரலில் இதை வெளிப்படையாக எழுதி, கைவைக்காதீர்கள் என்று எச்சரித்தார். இயங்குதளத்தோடு வந்த கோப்பை இயங்குதளம்தான் மாற்ற வேண்டும்.

லினக்ஸில் பேக்கேஜ் புதியது, ஸ்கேனும் பச்சை. ரீஸ்டார்ட் செய்யவில்லை. பரவாயில்லைதானே?

இங்கே பச்சையே தவறாக இருக்கலாம். லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் கோப்பையும் மாற்றிவிட முடியும். வட்டில் புதியது வந்துவிடும். ஏற்கெனவே ஓடும் நிரல் பழையதையே நினைவகத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். பேக்கேஜ் பட்டியலை மட்டும் பார்க்கும் ஸ்கேனருக்கு இது தெரியாது. 2014 ஏப்ரலில், இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் 'ஹார்ட்பிளீட்' ஓட்டை வந்தபோது, அதைப் புதுப்பித்துவிட்டு வெப் சர்வரை ரீஸ்டார்ட் செய்யாதவர்கள் ஓட்டையோடுதான் இருந்தார்கள். டெபியன் அடுத்து ஒரு திருத்தம் வெளியிட்டு, எந்தெந்தச் சேவைகளை மறுபடி தொடங்க வேண்டும் என்று அப்டேட்டின்போதே கேட்கும்படி செய்தது.

'நீட்ரீஸ்டார்ட்' என்ற கருவியை நிறுவினால் பழையதைப் பிடித்திருக்கும் நிரல்களைப் பட்டியலிடும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கு 'யூநேம் -ஆர்' கட்டளை போதும். அது சொல்வது நிறுவியதை அல்ல, ஓடுவதை. இதன் மறுபக்கமும் உண்டு: புதிய கர்னலில் ஓடிக்கொண்டிருந்தாலும், அவசரத்துக்கு என்று விட்டுவைத்த பழைய கர்னல் பேக்கேஜைப் பார்த்து ஸ்கேனர் சிவப்புக் காட்டும். பழையதை நீக்கினால் அந்த வரி போய்விடும்.

அப்டேட் இருக்கிறது, ரீஸ்டார்ட்டும் ஆயிற்று, பில்ட் எண்ணும் சரி. இருந்தும் ஒரே வரி ஒவ்வொரு மாதமும் வருகிறது. இது தவறான எச்சரிக்கைதானே?

அவசரப்பட்டு அப்படி எழுதிவிடாதீர்கள். சில திருத்தங்களை அப்டேட் கொண்டுவந்து வைக்கும், ஆனால் இயக்காது. இயக்குவது உங்கள் பொறுப்பு. சிவிஇ-2013-3900 இதற்குச் சரியான உதாரணம். டிஜிட்டல் கையெழுத்திட்ட கோப்பின் கையெழுத்துப் பகுதியில் கூடுதல் தரவைச் செருகினாலும் விண்டோஸ் அதைச் செல்லும் என்று ஏற்றுக்கொள்ளும் குறை அது. 2013 டிசம்பரில் வந்த திருத்தம் சில மென்பொருள்களைப் பாதிக்கும் என்பதால் மைக்ரோசாஃப்ட் அதை விருப்பத்துக்கு விட்டது. ரெஜிஸ்ட்ரியில் அதற்கான மதிப்பை நாமே எழுத வேண்டும். 64 பிட் விண்டோஸில் இரண்டு இடங்களில். ஒன்றில் மட்டும் எழுதிவிட்டு 'செய்துவிட்டேனே' என்று வந்தவர்கள் உண்டு.

விண்டோஸின் அச்சுச் சேவையில் இருந்த 'பிரிண்ட்நைட்மேர்' ஓட்டைக்கு 2021 ஜூலையில் வந்த திருத்தமும் இப்படித்தான். பிரிண்டர் டிரைவர் நிறுவும்போது எச்சரிக்கை கேட்காதே என்று முன்பே அமைத்து வைத்திருந்த கணினியில், திருத்தம் போட்ட பிறகும் ஓட்டை திறந்தே இருந்தது. ஆகவே ஆதாரப் பகுதியில் பதிப்பு எண்ணுக்குப் பதிலாக இத்தகைய அமைப்பின் ரெஜிஸ்ட்ரிப் பாதை இருந்தால் அந்த வரியை நம்புங்கள்.

நீக்கிவிட்ட மென்பொருளுக்கெல்லாம் எச்சரிக்கை வருகிறதே?

ஆதாரப் பகுதியில் உள்ள பாதையைத் திறந்து பாருங்கள். அங்கே கோப்பு எதுவும் இல்லாமல் ரெஜிஸ்ட்ரிப் பதிவு மட்டும் எஞ்சியிருந்தால் அது வெறும் மிச்சம், சுத்தம் செய்துவிடலாம். கோப்பு இருந்தால் அது நீக்கப்படவே இல்லை. எப்போதோ பயன்படுத்திய வேறொருவரின் பயனர் கோப்புறையில் பழைய பிரௌசர் தூங்கிக்கொண்டிருக்கும். அதுதான் வழக்கமான குற்றவாளி.

இந்த மாதம் அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. மகிழ்ச்சியடையலாமா?

எனக்கு இது நடந்தது. ஒரு சர்வர் தொடர்ந்து மூன்று மாதம் சுத்தமாக வந்தது. மூன்று மாதமும் நான் அதைக் கடந்து போனேன். நான்காவது மாதம் வேறொரு காரணத்துக்காக உள்ளே நுழைந்தபோது 60க்கும் மேற்பட்ட அப்டேட்கள் நிலுவையில் இருந்தன. ஸ்கேனர் உள்ளே நுழையப் பயன்படுத்திய கணக்கின் கடவுச்சொல் காலாவதியாகியிருந்தது. உள்ளே போக முடியாத ஸ்கேனர் வெளியில் நின்று பார்த்துவிட்டு 'ஒன்றும் தெரியவில்லை' என்று எழுதியதை, நான் 'ஒன்றும் இல்லை' என்று படித்திருக்கிறேன். 'உள்நுழைவு தோல்வி' என்ற தகவல் அதே அறிக்கையில், தீவிரமற்ற குறிப்புகளுக்கு நடுவே இருந்தது. அன்றிலிருந்து எந்த அறிக்கையிலும் முதலில் உள்நுழைவு வெற்றியா என்றுதான் பார்க்கிறேன்.

உள்நுழைந்தாலும் பார்க்காமல் விடுவது உண்டு. 2021 டிசம்பரில் 'லாக்4ஜே' ஓட்டையைத் தேடியவர்களுக்கு இது நினைவிருக்கும். அந்த ஜாவா நூலகம் தனிக் கோப்பாக இல்லாமல், ஜார் எனப்படும் ஜாவா பொதிக் கோப்புக்குள் இன்னொரு ஜாராக, அதற்குள் மற்றொன்றாகப் புதைந்திருக்கும். கோப்பின் பெயரை மட்டும் தேடிய கருவிகளுக்கு அது அகப்படவில்லை.

ஒரு ஸ்கேனர் 9.8 மதிப்பெண் போட்டு 'மிகத் தீவிரம்' என்கிறது. இன்னொன்று அதையே சாதாரணம் என்கிறது. எப்படி?

ஓட்டையின் தீவிரத்துக்கு 10க்கு இத்தனை என்று மதிப்பெண் உண்டு. அதை வேறு வேறு இடத்திலிருந்து எடுக்கிறார்கள். ஒன்று ஓட்டைகளைப் பட்டியலிடும் அமெரிக்க அரசின் என்விடி தரவுத்தளத்திலிருந்து, இன்னொன்று மென்பொருளைத் தயாரித்தவரிடமிருந்து. கர்ல் பற்றி மேலே சொன்னேன் அல்லவா, அதே கர்லுக்கு 2023 ஆகஸ்டில் சிவிஇ-2020-19909 என்ற எண்ணில் 9.8 போடப்பட்டது. பார்த்தால், மறுமுயற்சிக்கு எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்ற கணக்கில் வந்த பிழை; 2019இலேயே சரிசெய்யப்பட்டது. எதிர்ப்பு வந்த பிறகு என்விடி அதை 3.3 ஆகக் குறைத்தது.

நான் மதிப்பெண்ணோடு இன்னொன்றையும் பார்க்கிறேன். அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021 நவம்பர் முதல், உண்மையிலேயே தாக்குதலுக்குப் பயன்படுத்தப்பட்ட ஓட்டைகளின் பட்டியலை வெளியிடுகிறது. அதில் உள்ள 7 மதிப்பெண் ஓட்டை, அதில் இல்லாத 9.8ஐவிட எனக்கு அவசரம்.

இதையெல்லாம் சொன்னால் தணிக்கையாளர் ஏற்பதில்லை. 'ஓப்பன்எஸ்எஸ்எச் பதிப்பு எண் 9.8 ஆகும்வரை கையெழுத்துப் போட மாட்டேன்' என்கிறார். என்ன காட்டுவது?

வாய்ச்சொல்லாக 'பேக்போர்ட்' என்றால் அவர் ஏன் நம்ப வேண்டும்? அவர் இடத்தில் நானும் நம்ப மாட்டேன். மூன்று ஆதாரங்களை ஒரே பக்கத்தில் கொடுங்கள்: உங்கள் சர்வரில் நிறுவப்பட்டுள்ள பேக்கேஜின் முழு எண், வால் உட்பட, அந்த சிவிஇக்கு டெபியன் அல்லது ரெட்ஹேட்டின் பாதுகாப்புப் பக்கம் எந்த எண்ணில் சரியானது என்று சொல்கிறதோ அது, சேவை அதற்குப் பிறகு ரீஸ்டார்ட் ஆன நேரம். மூன்றாவதை யாரும் கேட்பதில்லை, ஆனால் ஹார்ட்பிளீட் பதிலில் சொன்ன காரணத்தால் அதைச் சேர்க்கிறேன். அட்டைப் பணப் பரிமாற்றத்துக்கான வெளிப்புற ஸ்கேனில் 4.0 மதிப்பெண் அல்லது அதற்கு மேல் உள்ள ஓட்டை வந்தால் தோல்விதான். அங்கேயும் தவறான எச்சரிக்கையை ஆதாரத்தோடு மறுக்க முறையான வழி இருக்கிறது.

சர்வரில் உள்நுழைந்து ஸ்கேன் செய்ய அனுமதி கொடுத்துப் பாருங்கள். ஸ்கேனர் முழுப் பேக்கேஜ் எண்ணைப் படிக்கத் தொடங்கியதுமே இத்தகைய வரிகளில் பெரும்பகுதி தானாக மறையும்.

ஒரு வரியைத் 'தவறான எச்சரிக்கை' என்று குறித்து மறைத்துவிட்டேன். இனி அதை மறந்துவிடலாமா?

கூடாது. மறைத்த வரி அந்த ஓட்டைக்கு மட்டும், அந்தக் கணினிக்கு மட்டும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பலர் அவசரத்தில் எல்லாக் கணினிகளுக்கும் சேர்த்து மறைத்துவிடுகிறார்கள். 'யு3' உள்ள சர்வருக்காக மறைத்த வரி, 'யு2'வில் நிற்கும் பக்கத்துச் சர்வரையும் சேர்த்து மறைத்துவிடும்.

நான் மறைக்கும் ஒவ்வொரு வரியோடும் நான்கு விஷயம் எழுதுகிறேன்: யார் பார்த்தது, எந்தத் தேதியில், எந்தப் பேக்கேஜ் எண்ணைப் பார்த்து, மறுபடி எப்போது பார்க்க வேண்டும். கடைசித் தேதிக்கு 90 நாட்களுக்கு மேல் கொடுப்பதில்லை. அந்தத் தேதி வந்ததும் வரி மறுபடி சிவப்பாக எழும். அப்போது முதல் கேள்வியிலிருந்து மறுபடி பார்க்கிறேன்.